பயிற்சி எண் நான்கு

பாய லேபாரில் ஏழாம் மாடி.
ஜன்னல் திறக்காத அறை.
குளிர்சாதனம் பதினெட்டில் நிற்கிறது,
கூட்டும் விசை யாரிடமோ.
கழுத்துப் பட்டையில் என் பெயர்
குமுதவ வரை வந்து
இடமில்லாமல் நின்றுவிட்டது.
மனிதவளத் துறையினர் முப்பத்திரண்டு பேர்.
எல்லோருக்கும் ஒரே நீலப் பேனா.

காலையில் விடுப்புக் கணக்குகள்.
பத்தரைக்குக் கறிபஃப், சீனி குறைத்த தே.
சாப்பாட்டுக்குப் பின்
யாரும் கண்ணயர முடியாத பாடமாகப் பார்த்து
வைத்திருந்தார்கள்:
ஆட்குறைப்பை எப்படிச் சொல்வது.

கிளாரிஸ் டி சூசா
பச்சைப் புள்ளியைத் திரையில் நகர்த்துகிறார்.
முதல் முப்பது விநாடிக்குள் செய்தி.
வானிலை பேசாதீர்கள்.
வெள்ளிக்கிழமை வேண்டாம்.
எனக்கும் கஷ்டமாக இருக்கிறது என்று
சொல்லவே சொல்லாதீர்கள்,
அந்த அறையில் கஷ்டம் ஒருவருக்குத்தான்.
டிஷ்யூ பெட்டி
கைக்கு எட்ட வேண்டும்
கண்ணில் படக்கூடாது.

எழுதிக்கொள்கிறேன்: எட்ட. படாமல்.
பதினோரு வருடமாக
அதை மேசை நடுவில் வைத்திருக்கிறேன்
பூச்சாடி மாதிரி.

பிறகு இருவர் இருவராக.
எனக்கு ஹுவீ ஷான்,
சாங்கியில் சரக்கு நிறுவனம்,
இந்த வேலைக்கு வந்து மூன்றாம் மாதம்.
அவளுக்கு மேலாளர் அட்டை.
எனக்கு ஊழியர் ஆ:
வயது ஐம்பத்து மூன்று, பணிக்காலம் பத்தொன்பது ஆண்டு,
உணர்ச்சி என்ற கட்டத்தில்
மிதமான அதிர்ச்சி.

நன்றாகவே சொன்னாள்.
இருபத்தாறு விநாடி. வானிலை இல்லை.
உங்கள் பங்களிப்புக்கு என்ற இடத்தில்
நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தாள்.
இனி என் முறை.
கோபப்படலாம், அழலாம், மௌனம் காக்கலாம்
என்கிறது அட்டை.
என் வாயில் வந்ததோ
நேற்று முன்தினம் துவாஸில்
ரோஸ்லி சப்வான் என்னிடம் கேட்டது:

"சனிக்கிழமை ராத்திரி ஷிஃப்டை
செல்லப்பாண்டிக்காக நான் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.
ஊரில் அவன் தங்கைக்குக் கல்யாணம்,
கைப்பேசியில் பார்க்கணுமாம்.
இப்போது அவனுக்கு யார்?"

ஹுவீ ஷான் தாளைத் திருப்புகிறாள்.
இழப்பீடு இரண்டாம் பக்கம்.
மருத்துவக் காப்புறுதி மூன்றாம் பக்கம்.
அதன் பின்பக்கம் வெள்ளை.
அவள் கை தானாக நீள்கிறது பெட்டியைத் தேடி.
கண்ணில் படாமல் எங்கே வைத்தோமென்று
இருவருக்குமே தெரியவில்லை.

"அருமை, ரொம்ப இயல்பு!
முன்பு நாடகத்தில் நடித்திருக்கிறீர்களா?"
கைதட்டல்.
சிரித்துவைத்தேன்.

செவ்வாயன்று ரோஸ்லிக்கு நான் சொன்ன பதில்:
அதை நாங்கள் கவனித்துக்கொள்கிறோம்.
நாங்கள்.
அவர் போனபின் அந்த அறையில்
நானும் பூச்சாடிப் பெட்டியும்.
புதன்கிழமை முழுக்க
அது எனக்கு நினைவிலேயே இல்லை.

ஐந்தரைக்குச் சான்றிதழ், ஏழு புள்ளி.
ரயிலுக்குள் நின்றபடியே
மேற்பார்வையாளர் கூவை அழைத்தேன்.
சனிக்கிழமை இரவு, செல்லப்பாண்டி, என்று தொடங்க,
"அதுவா? அது முடிந்த விஷயம்.
பாஸை ஒப்படைத்துவிட்டு ரோஸ்லி வெளியே
காவலர் கூண்டருகில் நின்றுகொண்டிருந்தார்,
ஷிஃப்ட் விடும்வரை.
வேறு ஆள் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.
நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?"

ஆள் பிடிப்பது என் வேலை.
அதைச் சொல்லவில்லை.
சும்மா, என்றேன்.
எத்தனை மணி நேரம் நின்றார் என்று
கேட்டிருக்கலாம்.
செவ்வாய் மாலை துவாஸில் மழை;
வானிலை பேசக்கூடாது.

கைப்பேசியில் ஒரு கேள்வி வந்து விழுகிறது:
இன்றைய பயிற்சி உங்கள் பணிக்கு உதவுமா,
ஒன்றிலிருந்து ஐந்துக்குள்.
விரல் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே நிற்க
பார்ட்லி வந்து போகிறது.

கழுத்துப் பட்டையைக் கழற்ற மறந்திருக்கிறேன்.
எதிரே சீருடையில் ஒரு பையன்
உதடசைத்து என் பெயரைப் படிக்கிறான்.
பாதியில் நின்று,
மீதி எங்கே என்று
என் முகத்தைப் பார்க்கிறான்.